குட்டையைக் கலக்கிய காலை

ஆய்வகத்தில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. ஏரி, குளத்துத் தண்ணீரில் கந்தகத்திலிருந்து வரும் சல்பைடு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. வெள்ளிக் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டால் சல்பைடு அதைக் கறுக்க வைக்கும். அப்போது ஓடுகிற மின்சாரத்தைக் கருவி ஒரு கோடாகக் காட்டும்; சல்பைடு கூடக் கூடக் கோடு ஏறும். கொலுசு கறுப்பதும் இதனால்தான் என்றால் அக்கா சிரிப்பாள். "இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?"

அவளே ஒரு பௌர்ணமி காலையில் போன் செய்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவளும் மாமாவும் மீன் வளர்க்கிற குட்டையில், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவாம். "தண்ணி அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுடி. உன் மெஷின எடுத்துக்கினு ஓடியா."

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் பஸ் எங்கே நிற்கும் என்று அந்த அண்ணாமலையாருக்கே தெரியாது. கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

மாமா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூங்கில் கழியால் அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். கலக்கிவிட்டால் தண்ணீருக்குக் காற்று கிடைக்கும் என்பது அவர் கணக்கு. மேல்தண்ணீரை மட்டும் அடித்திருந்தால் சரிதான். ஆனால் அந்த நாற்றத்துக்குக் காரணமான, மீனைக் கொல்கிற சல்பைடு அத்தனையும் அந்தச் சேற்றில்தான் அடைந்து கிடந்தது.

கம்பியை இறக்கினேன். திரையில் கோடு ஏறியது. மாமா கழியைச் சுழற்றச் சுழற்ற இன்னும் ஏறியது.

"மாமா, போதும்! சேத்தக் கிளறாதீங்க, மேல வாங்க!"

"நீ மெஷினப் பாரும்மா. மீன நான் பாத்துக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தானே மனுஷர் அப்படி மூச்சிரைக்கக் கிளறுகிறார்! கையைப் பிடித்து இழுத்து அவரைக் கரையேற்றுவதற்குள் முதல் கட்லா மீன் செத்து மல்லாந்துவிட்டது. மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சினோம். அப்புறமும் ஒவ்வொன்றாக மல்லாந்துகொண்டேதான் இருந்தன. கோடு எங்கே நிற்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. வேறு ஒன்றும் முடியவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் அளந்தேன். சேறு அடங்கியிருந்தது, காற்றுப் பட்டுப் பட்டு சல்பைடும் இல்லாமல் போயிருந்தது. அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப என்னடி காட்டுது?"

"ஒண்ணும் இல்லக்கா. தண்ணி நல்லா இருக்கு."

கரையில் குவித்து வைத்திருந்த மீன்களை அவள் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.