எழுபத்திரண்டாவது கட்டம்

நெலிதா எச்செவெரி தப்புச் செய்வாள் என்று எங்கள் அணைக்கட்டு அலுவலகத்தில் யாரும் கனவிலும் நினைத்ததில்லை. அவளும் நினைக்கவில்லை என்பதுதான் வினையாகிப் போனது.

இருபத்தாறு வருஷமாக ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்குப் போட்டது அவள் ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய புரோகிராம். தலைநகர் மோன்தெவிதேயோவில் இருந்த தலைமையகம் கலர் கலராகப் படம் காட்டும் புதிய மென்பொருள் ஒன்றை அனுப்பி வைத்தது. வந்த வருஷமே இரண்டு தடவை வராத வெள்ளத்தைச் சொல்லி, ஆற்றோரத்துக் கீழ்க்கரை ஜனங்களை மூட்டை முடிச்சோடு ஓடவிட்டது. அதற்கப்புறம் அதை யார் மதிப்பார்கள்? நானும் கீழ்க்கரைக்காரன்தான். அணையில் வயர்லெஸ் பார்ப்பது என் வேலை.

அந்த வியாழக்கிழமை, நாலு நாள் அடைமழை விட்டு வெயில் அடித்தது. மறுநாள் விடிவதற்குள் ஆற்று நீர் மூன்று மீட்டர் நாற்பது ஏறும் என்றது புதியது. நெலிதாவின் புரோகிராம் இரண்டு மீட்டர் பத்து என்றது. இரண்டு பத்தென்றால் எங்கள் வாசல்படிகூட நனையாது. மூன்று நாற்பதென்றால் ஜன்னல் முழுகும். தலைமைப் பொறியாளர் பெந்தான்கோர் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பத்து மணிக்கு ஊர் வானொலியில் நெலிதாவே பேசினாள்: யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். கட்டிய மூட்டையை அவிழ்த்துவிடு என்று என் மனைவி மிர்த்தாவுக்கு நான் போன் செய்தேன்.

பன்னிரண்டரைக்கு, ஆற்றில் வந்து சேரும் யகாரே ஓடையில் நீர்மட்டம் பார்ப்பவர் வயர்லெஸ்ஸில் வந்தார். இரண்டு வருஷ வறட்சியில் புல் முளைத்துக் கிடந்த ஓடை அது. இப்போது வேலிக்கம்பியைத் தொட்டுவிட்டதாம். அளவைச் சீட்டில் எழுதி நெலிதாவிடம் கொடுத்தேன். மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே எண்ணைத் தட்டினாள். விடை இரண்டு பத்து. ஓடையின் எண்ணை இரட்டிப்பாக்கினாள். இரண்டு பத்து. பத்து மடங்காக்கினாள். அப்போதும் இரண்டு பத்து.

மாத்தேக் குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டு, புரோகிராமில் ஓடை வரும் பக்கத்தை அச்செடுத்தாள். பென்சில் முனையால் ஒரு வரியை எழுத்து எழுத்தாக எண்ணினாள். பழைய ஃபோர்ட்ரான், எழுத்துக்கு ஒரு கட்டமாக, ஒரு வரியில் எழுபத்திரண்டு கட்டம்தான் படிக்கும். புரோகிராமை அட்டையில் துளை போட்டு எழுதிய காலத்தில் மீதி இடம் அட்டையின் வரிசை எண்ணுக்கு என்று ஒதுக்கியது. அதற்கு மேல் என்ன எழுதினாலும் கண்டுகொள்ளாது, முனகவும் செய்யாது. ஓடையில் அளவுகோல் நட்ட வருஷம், மூன்று ஆறுகளின் நீரைக் கூட்டும் வரியின் கடைசியில் ஓடையையும் சேர்த்திருந்தாள். அது விழுந்தது எழுபத்து மூன்றாவது கட்டத்தில். அதற்கப்புறம் ஓடை வறண்டே கிடந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை.

"ரெண்டு வருஷமா ஓடையே இல்லாம கணக்குப் போட்டிருக்கேன்" என்றாள்.

வரியை இரண்டாக உடைத்து மறுபடி ஓடவிட்டாள். மூன்று மீட்டர் முப்பத்தைந்து. சாயங்காலம் ஆறு மணிக்கே ஆற்றின் தாழ்வான பாலம் முழுகிவிடும். அதற்கப்புறம் கீழ்க்கரையிலிருந்து வெளியேற வழி கிடையாது. மணி ஒன்றே கால்.

பெந்தான்கோர் கதவைச் சாத்தினார். எந்த புரோகிராமை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் கூட்டம் மறுநாள் இருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார் மனுஷன்.

"மழை கூடிடுச்சுன்னு சொல்லிடு நெலிதா. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். "இந்த வெயில்ல மழைன்னா எவன் கிளம்புவான்? அண்ணாந்து பாத்துட்டு மாத்தே குடிக்க உக்காந்துடுவான்."

"அப்ப, புது மென்பொருள் சொல்லுதுன்னு சொல்லு."

"அத எவன் நம்புறான்? அதுக்கு மழைன்னே சொல்லலாம்."

"நாளைக்கு உன்னக் கிழிச்சுத் தொங்க விடுவாங்க."

"விடட்டும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் வானொலி நிலையத்துக்கு இணைப்புக் கொடுத்தேன்.

"நான் நெலிதா பேசுறேன். காலையில நான் சொன்னது தப்பு. மழை மேல குத்தமில்ல, மெஷின் மேலயும் இல்ல. நான் எழுதுனதுல நான் செஞ்ச தப்பு. தண்ணி உங்க ஜன்னலுக்கு வரும். இப்பவே கிளம்புங்க."

மூன்று தடவை சொன்னாள். மிர்த்தாவின் போன் வந்தது. பேசியது நிஜமாகவே நெலிதாதானா என்று கேட்டாள். பக்கத்தில்தான் நிற்கிறாள் என்றேன். மறு நொடியே போனை வைத்துவிட்டாள். கடைசி லாரி பாலத்தைத் தாண்டியபோது மணி ஐந்து நாற்பது. அதுவரை நான் நாற்காலியில் உட்காரவே இல்லை.

விடிந்தபோது என் வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டி மிதந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. நெலிதாவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். காலையிலேயே சொல்லியிருந்தால் கட்டிலையாவது ஏற்றியிருப்போமே. எழுபத்திரண்டு என்று இத்தனை வருஷமாகத் தெரிந்தவள் ஒரே ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்கக் கூடாதா என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

"எண்ணியிருக்கணும்" என்றாள்.

கூட்டத்தில் அவள் புரோகிராமை எடுத்துவிட்டார்கள். அவளும் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போனாள். அடுத்த வசந்தத்தில் புதிய மென்பொருள் இரண்டு மீட்டர் எண்பது என்றது. சங்கு ஊதியது, போலீஸ் வண்டி தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனது. கீழ்க்கரையில் ஒருவரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் பெந்தான்கோர் நெலிதா வீட்டுக்குக் கார் அனுப்பினார்.

வீட்டுச் செருப்போடு வந்து ஒரு மணி நேரம் புதிய மென்பொருளின் எண்களைத் துருவிப் பார்த்தாள். ஓடையைச் சேர்த்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு வானொலியில், "சரியாத்தான் சொல்லுது, கிளம்புங்க" என்றாள். அன்று எனக்கு விடுமுறை, வீட்டில்தான் இருந்தேன். எங்கள் தெருவில் முதல் ஆளாக மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டவன் நான்தான்.