ஜெயித்தவர் வீட்டில்

தோற்றால் எனக்குச் சோறு இறங்காது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஆடும் பலகை ஆட்டத்தில் தோற்றுவிட்டேன் என்றால், திங்கட்கிழமை வகுப்பில் நுழையும்போதே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். "டீச்சர் நேத்து தோத்துட்டாங்கடா" என்று கடைசி பெஞ்சில் கிசுகிசுப்பார்கள். அன்றைக்கு வீட்டுப்பாடம் எழுதாதவன் கதி அதோகதி.

நான்கு பேர் என்றால் நான், கடலூரில் என் அடுத்த வீட்டு நர்ஸ், அவள் கணவர், அப்புறம் சிதம்பரத்தில் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் கணக்கு டீச்சர். நர்ஸின் கணவருக்குச் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மனுஷனுக்கு வாய் ஓயாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளை, என்ன சம்பளம் என்று விசாரிக்காமல் இறங்கமாட்டார். கணக்கு டீச்சர் அதற்கு நேர் எதிர். பரங்கிப்பேட்டையில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிக் கடலூர் வந்துவிடுவாள்.

ஆட்டம் நர்ஸின் தம்பி பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. பலகையில் ஒரு வரைபடம், அதில் ஊர்கள். ஒரே நிறத்துச் சீட்டுகளைச் சேர்த்து, ஊருக்கும் ஊருக்கும் நடுவே குட்டி ரயில் பெட்டிகளை வைத்துப் பாதை போடவேண்டும். எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்பது அவரவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். முடித்தவருக்குப் புள்ளி கூடும், முடிக்காதவருக்குக் குறையும். வரைபடத்தில் இருந்த வெளிநாட்டு ஊர்ப் பெயர்களெல்லாம் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே துண்டுக் காகிதம் வெட்டி விழுப்புரம், பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு என்று ஒட்டிவிட்டோம். அதன்பிறகுதான் ஆட்டம் எங்களுக்குப் பிடிபட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் வீட்டில்தான் அடுத்த ஞாயிறு. நர்ஸின் கணவர் போட்ட சட்டம் அது. "தோத்தவங்கள போயி பஜ்ஜி போடச் சொன்னா எண்ணெயிலயே நம்மளத் தள்ளிடுவாங்க. ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்குறவங்க போட்டாத்தான் அலுப்பு தெரியாது" என்றார். அதிசயமாக அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஆட்டம் என் வீட்டுக்கும் நர்ஸ் வீட்டுக்கும் நடுவிலேயே போய் வந்துகொண்டிருந்தது. சிதம்பரத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. கணக்கு டீச்சர் ஜெயித்ததே இல்லை. "கணக்கு வேற, ஆட்டம் வேறம்மா" என்று நான் அவளுக்கு ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு என் வீட்டில் ஆட்டம். நான் ஜெயித்தேன். எல்லோரும் போன பிறகு பெட்டியில் அடுக்கி வைக்கலாம் என்று பலகையைப் பார்த்தேன். அவள் விழுப்புரத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போட்ட பாதையில் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. அவள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன சீட்டுகளைத் திருப்பினேன். அந்தத் துண்டுக்கு வேண்டிய பச்சைச் சீட்டு அத்தனையும் அதில் இருந்தது. வைத்திருந்தால் அவள்தான் ஜெயித்திருப்பாள். அப்படியானால் இத்தனை நாள் நான் ஜெயித்ததெல்லாம் இவள் போட்ட பிச்சையா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"பச்சைச் சீட்ட கையில வெச்சிக்கிட்டு ஏன் போடல?"

"கவனிக்கலக்கா."

"பொய் சொல்லாத. அர மார்க்கு கூட்டல்ல வுட்டுப்போனா அடுத்த டேபிள்ல இருந்தே கண்டுபுடிக்கிறவ நீ."

டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். "ஜெயிச்சா எல்லாரும் எங்க வூட்டுக்கு வருவீங்கல்லக்கா" என்றாள்.

"வந்தா என்ன? பஜ்ஜி நான் போட்டுக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் கணவர் பல வருஷம் வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள், ஊருக்கு வந்துவிட்டார். வந்த வாரத்தில் தெருவில் பார்த்தவர்களெல்லாம் வழக்கம்போல் கேட்டார்கள்: எப்ப வந்தீங்க, எப்ப பயணம்? கேட்டவர்களுக்கு அது சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரிதான். இவர் வாயில் "ரெண்டு மாசத்துல" என்று வந்துவிட்டது. இரண்டு மாதம் போனது, நான்கு மாதம் போனது. சொன்ன பொய்க்குப் பயந்து வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வேறு தெருப் பள்ளிவாசலுக்குப் போகிறார். கடை கண்ணிக்கெல்லாம் இவள்தான். யாராவது வந்து மணி அடித்தால் மாடிக்குப் போய்விடுவார்.

"சிப்காட் சார் வந்தாருன்னா கேக்காம இருப்பாராக்கா? அந்த ஒரு கேள்விய கேட்டா அவுங்க அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேச மாட்டாங்க. எனக்கு ஞாயித்துக்கெழம உங்ககூட ஆடணும். அவுங்களுக்கும் சங்கடம் வரக்கூடாது. தோத்துக்கிட்டே இருந்தா ரெண்டும் நடக்குதுல்ல."

நல்ல மனசுக்காரர்கள் இந்த இடத்தில் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நான், "சரி, புரியுது. ஆனா எங்கிட்ட தோத்துக் குடுக்காத, என்னால தாங்க முடியாது. வேணும்னா சிப்காட் சார்கிட்ட தோத்துக் குடு" என்றேன். அதற்குத்தான் அவள் சிரித்தாள். நர்ஸிடம் மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டேன். சரியென்றாள்.

அதன்பிறகு வந்த ஞாயிறுகளில் என் சீட்டைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். வேண்டிய நிறம் கையில் சேரச் சேர அவள் உதட்டைக் கடித்துக்கொள்வது தெரிந்தது. விடை தெரிந்த கணக்கை எழுதாமல் ஒரு கணக்கு டீச்சர் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பாள்? நர்ஸ் வீட்டில் ஆடிய ஒரு நாள், திடீரென்று நீலச் சீட்டுகளை மொத்தமாகக் கீழே போட்டு, பெட்டிகளை வரிசையாக வைத்துப் பாதையை முடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நிமிஷமே வெளுத்துப் போனாள். நர்ஸின் கணவர் கை தட்டி, "அப்ப வர்ற ஞாயிறு சிதம்பரம்" என்று அறிவித்தார். எனக்குத் தோற்ற வருத்தமே அன்று வரவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

"வரட்டும், நான் மாடியில இருந்துக்குறேன்" என்றாராம் அவள் கணவர். பஸ்ஸில் போகும்போது நர்ஸ் தன் கணவரை ஒரு பிடி பிடித்தாள். "அங்க வந்து எப்ப வந்தீங்க, எப்ப போவீங்கன்னு எதையாவது நோண்டுனீங்க, ஒரு வாரத்துக்கு உங்களுக்குச் சோறு கெடையாது." நான் என்ன குழந்தையா என்று முறைத்துக்கொண்டு ஆலப்பாக்கம் வரைக்கும் அவர் பேசாமல் வந்தார். அவரைப் பொறுத்தவரை அது சாதனை.

வீட்டில் கணக்கு டீச்சர் தட்டு நிறைய இறால் வாடா சுட்டு வைத்திருந்தாள், அரிசி மாவில் இறால் வைத்துப் பொரிக்கும் அவள் ஊர்ப் பலகாரம். கூடத்தில் பாய் விரித்துப் பலகையைப் பரப்பினோம். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை சீட்டோடு நின்றுவிடும். அன்றைக்கு அவள் உண்மையிலேயே மோசமாக ஆடினாள். பாதி ஆட்டத்தில் அவள் கணவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார். சலாம் சொல்லும் தோரணையில் தலையை அசைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். திரும்பும்போது பலகையைப் பார்த்தார். நின்றார். குனிந்து படித்தார்.

"சேத்தியாத்தோப்புக்கு ஏது ரயிலு?"

"நாங்க வுட்டுருக்கோம் பாய்" என்றார் நர்ஸின் கணவர். "உக்காருங்க. சாயங்காலம் வரைக்கும் வண்டி இருக்கு."

கேட்க ஆளில்லாமல் கிடந்த சிரிப்பு ஒன்று அவரிடமிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தைக் கலைத்து ஐந்து பேராக முதலிலிருந்து ஆரம்பித்தோம். கிடங்கில் எந்தச் சரக்கை எந்த வழியாக நகர்த்துவது என்று வருஷக்கணக்காகப் பார்த்த மனிதர், நாலு சுற்றில் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். நர்ஸின் கணவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நர்ஸ் அதில் ஒரு வாடாவை வைத்து அடைத்தாள். அப்படியும் இரண்டு பேருக்கும் பெண்ணாடத்தில் முட்டிக்கொண்டது. "என்ன மச்சான், என் வழிய அடைச்சிட்டீங்க" என்றார் கணக்கு டீச்சரின் கணவர். சார் என்று ஆரம்பித்தவர் எப்போது மச்சானுக்கு வந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஜெயித்தது நான். யாரும் விட்டுக்கொடுக்காமல் ஜெயித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளம்பும்போது பெண்ணாடத்துப் பஞ்சாயத்து முடியவில்லை. வழக்கு பேசிக்கொண்டே ஆண்கள் இருவரும் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார்கள். அவர் தெருவில் நடக்கிறார் என்பது இவளுக்கு உறைத்தபோது பாதித் தெரு போய்விட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நர்ஸும் நானும் அவளும் பின்னால் ஓடினோம்.

தெருமுனை மளிகைக் கடையில் கடைக்காரர் யாருக்கோ வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார். "மாமாவா? பாத்து எவ்ளோ நாளாச்சு. எப்ப வந்தீங்க, எப்ப பயணம்?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸின் கணவர்கூட வாயை மூடிக்கொண்டார். அவள் கணவர் கடை வாசலில் நின்றார். சட்டைக் காலரை ஒருமுறை சரி செய்தார்.

"பயணம் இல்ல தம்பி. முடிச்சிட்டு வந்துட்டேன். வந்து ஒன்ற வருஷம் ஆவுது. இங்கதான் இருக்கேன்."

"அப்டியா" என்றார் கடைக்காரர். தராசில் இன்னும் இரண்டு வெங்காயத்தைப் போட்டு முள்ளைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. வெங்காயம் இப்பதான் வந்துச்சு, ஒரு கிலோ போடவா?"

"போடு. இவங்கள பஸ் ஏத்திட்டு வந்து வாங்கிக்குறேன்."

அவ்வளவுதான். ஒரு மனிதரை ஒன்றரை வருஷம் மாடியில் உட்கார வைத்த கேள்வி, வெங்காயம் நிறுத்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள் இருவரும் மறுபடி பெண்ணாடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் என் கையை விடவே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரும்வரை பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "அவுங்க வெங்காயம் வாங்குறாங்கக்கா."