அஞ்சு படி ஏறின கடை

ஆத்தோரத்துல சாப்பாட்டுக் கடை வெச்சவனுக்குக் காலையில அடுப்பைப் பார்க்கிறதுக்கு முந்தி ஆத்தைப் பார்க்கிற வியாதி ஒட்டிக்கும். உங்கள்ல யாராச்சும் அப்படி அவதிப்பட்டிருந்தா, மலாய் நாட்டுல கோத்தா திங்கியில நான் பட்டதைக் கேளுங்க, மனசு ஆறும்.

சாமி அடுப்பு

வருஷா வருஷம் மழைக்காலத்துல தண்ணி உள்ள வந்து அரிசி மூட்டையை நனைச்சிட்டுப் போகும். மனசு வெறுத்துப் போயி, மலாய்க்காரங்க வீடு மாதிரி கடையைத் தூண் மேல ஒசத்தத் தச்சர் காசிமைக் கூப்பிட்டேன். ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிச் சேர்த்த காசெல்லாம் பலகையாப் போச்சு. வாசல்ல அஞ்சு படி.

பின்கட்டுல தரையில இருந்த அடுப்பை மட்டும் தொடக்கூடாதுன்னு என் சம்சாரம் காமாட்சி குறுக்க நின்னா. கடை திறந்த அன்னிக்குச் சாமி கும்பிட்டு மூட்டின அடுப்பாம். காசிம் சுருட்டைக் கையில எடுத்துக்கிட்டு மலாயில கேட்டாரு: "சரி, அது சாமி அடுப்புன்னு தண்ணிகிட்ட யாரு சொல்றது?"

முட்டி வலி

கடை ஒசந்துச்சு, வியாபாரம் படுத்துடுச்சு. மாட்டு வண்டிக்காரங்கதான் என் வாடிக்கை. அவங்கள்ல மூத்தவர் முனியாண்டி அண்ணனுக்கு முட்டி வலி. படியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாரு, பக்கத்துல தரையோட இருக்கிற சீன முதலாளி ஆ செங் தவுக்கேயோட கோப்பிக் கடைக்குப் போயிட்டாரு. மத்த வண்டிக்காரங்களும் அவர் பின்னாலயே போயிட்டாங்க.

பொங்கல் வரைக்கும் பார்ப்போம், இல்லேன்னா தோட்டத்துக்கே திரும்பிடுவோம்னு சொல்லி காமாட்சி மூட்டையும் கட்டிட்டா. அண்ணனை வழியில மறிச்சு, ஏன் வரலேன்னு கேட்டேன். "தம்பி, நீ இட்லி சாப்பிடக் கூப்பிடுறியா, மலைக்கோயிலுக்குக் கூப்பிடுறியா?"

சம்பான்ல வந்த வாடிக்கை

மார்கழியில ஆறு பொங்கிடுச்சு. கடைத்தெரு பூரா இடுப்பளவு தண்ணி. எங்க பலகை மட்டும் காய்ஞ்சு கிடந்துச்சு. ஒரு மணி அரிசி நனையலை. கையெடுத்துக் கும்பிட்டேன். ஒதுங்க இடம் தேடி ஜனங்க சம்பான் படகுல வந்து சேர்ந்தாங்க. முனியாண்டி அண்ணன் வந்த சம்பான் நேரா மேல்படிக்கே வந்து நின்னுச்சு. அவரு காலை மடக்காமலே ஒரு எட்டு வெச்சு உள்ள வந்து, சுத்தி ஒரு பார்வை பார்த்தாரு. "இன்னிக்குத்தான்பா உன் கடை சரியான ஒசரத்துல இருக்கு."

நடந்து வந்த அடுப்பு

கடை நிறைய ஜனம், அத்தனை பேருக்கும் பசி. அரிசி இருக்கு, கீழயே விட்ட சாமி அடுப்பு தண்ணிக்குள்ள. காமாட்சி என் மூஞ்சியையே பார்க்கலை. அந்த நேரத்துல ஆ செங் தவுக்கே, அவரு கடை முழுகிக் கிடக்க, கரி அடுப்பைத் தலை மேல தூக்கிக்கிட்டுத் தண்ணியில நடந்து வந்தாரு. பலகை மேல தகரத்தைப் போட்டு, அதுல அடுப்பை வெச்சோம். காமாட்சி கஞ்சி காய்ச்சினா, அவரு கோப்பி கலக்கினாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தண்ணி வடிஞ்சதும் காமாட்சியே காசிமைக் கூப்பிட்டு அடுப்பை மேல ஏத்தச் சொன்னா. தவுக்கேயும் காசிமைத் தேடி வந்தாரு. "நானும் ஒசத்தப் போறேன். ஆனா எனக்கு நாலு படி போதும் லா."

நடுப்படி

வெள்ளம் போனதோட வாடிக்கையும் போயிடும்னு பயந்துக்கிட்டு இருந்தோம். பொங்கலுக்கு முந்தி ஒரு காலையில முனியாண்டி அண்ணன் படியைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறினாரு. மூணாவது படியில மூச்சு வாங்குச்சு, அங்கயே உட்கார்ந்துட்டாரு. பின்னாலயே வந்த வண்டிக்காரங்க மேலயும் கீழயுமா அவரைச் சுத்தி உட்கார்ந்தாங்க. கதவோரம் நின்னு பார்த்த காமாட்சி உள்ள போயி, கட்டி வெச்ச மூட்டையை அவுத்துட்டா. அண்ணன் குவளையை நீட்டினாரு: "மேல வரமாட்டேன், கீழயும் போகமாட்டேன். இங்கயே ஊத்து."

ஆக, வெள்ளம் வராத நாள்ல எனக்குச் சோறு போடுறது, இருந்ததையெல்லாம் போட்டு ஒசத்தின கடை இல்லீங்க, அதுல ஏற முடியாம ஜனங்க உட்கார்ந்துட்ட அந்தப் படிதான்.