சோற்றை விட்டவர்களின் ரத்தம்

லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதம் சம்பளம் வருகிறதோ இல்லையோ, சந்தேகம் வந்துவிடும். வெறும் வயிறு என்று சொல்லிக்கொண்டே ஏப்பம் விடுகிறவர்களையும், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று மீசையில் காபி நுரையோடு சத்தியம் செய்கிறவர்களையும் தினமும் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகும். விடிந்ததும் லேப் பெஞ்சில் பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள், வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் எல்லாரும் என் கட்சிதான். அதனால் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் ஒரு சின்ன லேப்பில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். செல்போன் ஒவ்வொரு கையாக வந்துகொண்டிருந்த காலம் அது. அதோடு சேர்ந்து சோறில்லாத டயட் என்று ஒன்றும் ஊருக்குள் நுழைந்தது. என் வீட்டுக்காரர் பழனிவேலுக்கு அப்போது சர்க்கரை வந்து மூன்று வருஷம். இரண்டு வேளை மாத்திரை போட்டும் இறங்கவில்லை. இனி இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கே ஊசி குத்துகிறவளைக் கட்டிக்கொண்ட மனுஷருக்கு ஊசி என்றால் நடுக்கம். "நானும் சோத்த வுட்டுப் பாக்கட்டுமா மலரு?" என்று நச்சரிக்க ஆரம்பித்தார். நாலு பேர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பொறுங்கள் என்றேன்.

மெஷின் மேல் பழி

மங்கலம்பேட்டை சாதிக் பாய் துபாயில் டிரைவர். முந்தின லீவில் வந்தபோது அவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டிருந்தது. கொழுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த முறை வாசலில் வந்து நின்றவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து நீட்டினார். அரிசி, கோதுமை, கிழங்கு, பழம், சர்க்கரை கூடாது. கறி, மீன், முட்டை, நெய், கீரை வயிறு கொள்ளுமட்டும் சாப்பிடலாம். எல்லாம் எழுதியவர் தன் பேரை மட்டும் எழுதவில்லை. பேர் போடாத காகிதத்தை நான் நம்புவதில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் நூற்றுப் பத்து. ட்யூப் மாறிவிட்டதோ என்று லேபிளைப் பார்த்தேன், மாறவில்லை. மெஷினைக் கழுவி, புது மருந்து ஊற்றி மறுபடி ஓட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு. கொழுப்பும் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. எதற்கும் இன்னொரு தரம் ரத்தம் எடுத்துவிடலாமே என்று இழுத்தேன். பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்மா, நல்லது வந்தா மெஷினு கெட்டுப்போச்சுன்றீங்க. கெட்டது வந்தப்ப மட்டும் அதே மெஷினு எப்பிடிம்மா கரெக்டா இருந்துது?"

ஒரு பருக்கை

பாயின் காகிதம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, எழுத்து தேயத் தேய ஊரைச் சுற்றியது. கம்மாபுரத்திலிருந்து வைத்திலிங்கம் என்ற விவசாயி மகனுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். காகிதத்தைப் பார்த்துப் பதினைந்து நாளாகச் சோறு தின்பதில்லையாம். கொழுப்பு டெஸ்ட் எடுக்க வேண்டும். வெறும் வயிறா என்றேன். "ஆமாம்மா, சாப்பிடல" என்றார். முகத்தில் கள்ளம் இல்லை. நானும் எடுத்துவிட்டேன்.

ரத்தத்தைச் சுற்றும் மெஷினில் வைத்து எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே இளமஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்க வேண்டும். அவருடையது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கி நின்றது. நெய்யும் கொழுப்புமாகச் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் இப்படி வரும். ட்யூபைத் தூக்கிக் காட்டி, நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். விடிகாலையில் நாலு முட்டை, நேற்றைக் குழம்பில் மிச்சமிருந்த கறி, ஒரு கரண்டி நெய், அவ்வளவுதான் என்றார். இதற்குப் பேர் சாப்பாடு இல்லையா என்று கேட்டேன். மனுஷருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"ஒரு பருக்கை உள்ள போயிருந்தா கேளும்மா. சோறு திங்காம சாப்ட்டேன்னு சொன்னா அதுதான் பொய்யி."

மூன்று மாதச் சராசரி

அன்றிலிருந்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "காலையிலேருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?" என்று கேட்க ஆரம்பித்தேன். பலருக்கு அது பிடிக்கவில்லை. ரிட்டையர்டான கஸ்தூரி டீச்சருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் மாதா மாதம் வருவார். சர்க்கரை அளவு ஒவ்வொரு முறையும் எழுதி வைத்த மாதிரி நூறு, நூற்றைந்து. டீச்சர் வகுப்பில்கூட அத்தனை பேரும் ஒரே மார்க் வாங்கியிருக்க மாட்டார்கள். மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் ஒன்றை அப்போது புதுச்சேரிக்கு அனுப்பினால் பார்த்துத் தருவார்கள். நைஸாகப் பேசி அதற்கும் சேர்த்து ரத்தம் எடுத்து அனுப்பினேன்.

ரிப்போர்ட் வந்தபோது டீச்சர் மாட்டிக்கொண்டார். டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் காகிதத்தில் உள்ளபடி சாப்பிடுவாராம். அதற்கு மேல் முடிவதில்லையாம். தலைவலி, மலச்சிக்கல், காரணமே இல்லாமல் வீட்டில் எரிந்து விழுவது, நாலாம் நாள் கனவில் தயிர்சாதம். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அந்த மூன்று மாதச் சராசரியை விரலால் தட்டிக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி நடந்ததையெல்லாம் கிளறிப் பாக்குறதுக்கு இது என்ன லேப்பா, மாமியார் வூடா?"

நாலாவது ஆள்

இந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது? பாய்க்கு நன்றாகவே வேலை செய்தது. அதை மறுத்தால் என் மெஷினே என்னைத் திட்டும். வைத்திலிங்கம் நெய்க்கு அளவில்லாமல் போய்விட்டார், அது எங்கே போய் நிற்குமோ தெரியாது. டீச்சருக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. நான் இப்படி நல்லதையும் கெட்டதையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் தட்டில் போட்ட சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் மேல் எனக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் குடித்தவர். விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. விட்ட பிறகும் முதல் வருஷம் முழுக்க, சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்தில் போய் நிற்பேன். வாடை பார்க்கத்தான் என்று அவருக்கும் தெரியும். டயட் விஷயத்திலும் அதே புத்தியோடு டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். அவர் கம்பெனிக்கு எதிரில் இருந்த பரோட்டாக் கடையில் விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறாவது வாரம், வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து இருந்தவருக்குத் தொண்ணூற்றைந்து வந்தது. மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊசி வேண்டாம், டாக்டரிடமும் இப்போது போக வேண்டாம், நம்மிடமே லேப் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். பன்னிரண்டு வருஷத்தில், ஏன் இப்படி இறங்கியது என்று கேள்வியே கேட்காமல் நான் ஏற்றுக்கொண்ட ரிப்போர்ட் அது ஒன்றுதான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பரோட்டாக் கடைக்காரன்கிட்ட கேட்டியாமே. இப்பவாச்சும் என் வாய நம்பு."

மூக்கு

அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு லேப் போன் அடித்தது. என் வீட்டுக்காரர் பீங்கான் யூனிட் ஒன்றில் வேலை பார்த்தார். கரன்ட் பீஸ் கட்டைகளை வெள்ளைப் பூச்சில் முக்கி, தட்டில் அடுக்கிச் சூளைக்கு அனுப்பும் வேலை. போனில் அங்கத்திய சூப்பர்வைசர். "உங்க வூட்டுக்காரரு குடிச்சுட்டு வந்திருக்காரும்மா. ஒரு தட்டு பூராவும் போட்டு ஒடச்சுட்டாரு. வந்து கூட்டிட்டுப் போங்க. நாளைலேருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

போனேன். மண் மூட்டை மேல் உட்கார வைத்திருந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாக்கு குழறியது. சூப்பர்வைசரை ஏதோ திட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து "யாரு?" என்றார். நான் செய்த முதல் காரியம், குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தது. அழுகிய பழ வாடை அடித்தது. நாலு வருஷமும் போச்சு என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. "குடிச்சிருக்கீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

எழுப்புவதற்காகக் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. பையில் இருந்த, சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினை எடுத்து விரலில் குத்தினேன். நாற்பத்து நாலு. கேன்டீனுக்கு ஓடிச் சர்க்கரையைத் தண்ணீரில் அள்ளிப் போட்டுக் கலக்கி வந்து கொடுத்தேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்து, உடைந்து கிடந்த கட்டைகளைப் பார்த்துவிட்டு, இதை யார் உடைத்தது என்று கேட்டார்.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். மாத்திரைச் சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று போட்டிருந்தது. இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அதற்கு முன் போட வேண்டிய மாத்திரையை மட்டும் இரண்டு வேளையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். சோற்றால் ஏறும் சர்க்கரையை இறக்கத்தான் அந்த மாத்திரை. சோறு இல்லாதபோது அது வேறு எதை இறக்கும்? வைத்திலிங்கத்தைப் பார்த்துச் சிரித்த எனக்கு இது தோன்றவில்லை. சோற்றைக் குறைப்பதில் தப்பில்லை, ஆனால் குறைக்கும் அன்றைக்கே தன்னிடம் வந்து மாத்திரையையும் குறைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த வாடையும் சாராயம் இல்லை. சோறு போகாத உடம்பு கொழுப்பை எரிக்கும்போது மூச்சில் வருவது. படிக்கும்போது பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். டாக்டர் சீட்டைப் பார்த்துச் சூப்பர்வைசர் அவரைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லிவிட்டார், குடித்தார் என்று சொன்னதற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

நான் கேட்கவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் அரைத் தட்டுச் சோறும் நிறையக் கீரையுமாக வைத்துக் கொடுத்தேன். டாக்டர் குறைத்துக் கொடுத்தபடி பாதி மாத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, கோபமே இல்லாமல் சொன்னார்:

"அந்நேரம் சூப்பர்வைசர் மூஞ்சியே எனக்கு மங்கலாத்தான் இருந்துது மலரு. நீ குனிஞ்சு மோந்து பாத்தது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது."

இப்போதும் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வரத்தான் செய்கிறது, ஆனால் முதலில் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சந்தேகப்படுகிறேன்.