தூதர் வேலைக்கு ஒரு முள்கரண்டி

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. பிரியாணித் தட்டோரத்தில் காகிதத்தில் சுற்றிய முள்கரண்டி ஒன்று இருந்தது. யாரும் பார்க்காதபோது அதை மேசைக்கடியில் தள்ளிவிட்டேன். நான் வெளிநாட்டுத் தூதராகாமல் போனதற்கு ஒரு முள்கரண்டிதான் காரணம்.

சிரிக்காதீர்கள். கல்லூரியில் நான் கடைசி வருஷம் படித்தபோது, வெளியுறவுப் பணிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஓர் உதவித்தொகை கொடுத்துவந்தது. தேறினால் டெல்லியில் ஒரு வருஷப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். கேட்டது இரண்டு பேர். நான், அப்புறம் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்காரர் மகள் ஷமீம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

கல்லூரி ஆபீஸ் கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்டர்வியூ சும்மா பேருக்குமா. அப்பால ஒரு சாப்பாடு போடுவாங்க. அங்கதான் மார்க்கு."

இதை ஷமீமிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். உடைக்கப்போன கப்பல்களின் தட்டுமுட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று ராயபுரத்தில் இருந்தது. அங்கே கத்தியும் முள்கரண்டியும் வாங்கி, ஒரு வாரம் இட்லியில் பழகினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னாமா, அத்தப் போட்டு இப்டி குத்திகினு கீற? இட்லி இன்னா தப்பு பண்ணுச்சு?"

சாப்பாட்டு நாள் வந்தது. நடுவில் ஓய்வுபெற்ற தூதரம்மா, சுற்றிலும் அதிகாரிகள். முழுச் சங்கரா மீனை வறுத்து வைத்தார்கள். எதிரே ஷமீம் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். தொலைந்தாள் என்று உள்ளுக்குள் குதூகலித்தேன். தூதரம்மாவோ கத்தியும் கரண்டியுமாக மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஷமீம் சாதாரணமாகச் சொன்னாள். "மேடம், மீனுக்கே முள்ளு கீது. அதுக்கு இன்னொரு முள்ளு எதுக்கு? கையாலயே சாப்புடுங்க."

அந்த அம்மா சிரித்தபடி கரண்டியைக் கீழே வைத்தார். அதிகாரிகளும் வைத்தார்கள். நான் மட்டும் ஒரு வாரப் பயிற்சியை வீணாக்க மனமில்லாமல் ஓங்கி அழுத்தினேன். ஒரு துண்டு எம்பிப் பறந்து, பக்கத்து அதிகாரியின் ரசத்தில் விழுந்தது. அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே வச்சுக்குங்கம்மா" என்றார்.

இடம் ஷமீமுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மின்சார ரயிலில் இரண்டு பேரும் வீடு திரும்பும்போது எனக்குத் தாங்கவில்லை. "சாப்பாட்டுலதான் மார்க்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்டி."

"எனக்குந்தான். கிளார்க்கு எங்கிட்டயும் சொன்னாரு. நீ வாயத் தொறக்கறியான்னு பாத்துகினு இருந்தேன்." என் தோளில் இடித்தாள். "நானுந்தான் சொல்லல. வுடு."

அவள் இப்போது ஏதோ ஒரு தேசத்துத் தூதரகத்தில் பெரிய அதிகாரி. நான் எண்ணூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கடிதம் தட்டுகிறேன். உதவித்தொகையை நிறுத்தி வெகுகாலமாகிறது. போன மாதம் போன் செய்தாள்.

"வணக்கம். நலமா இருக்கீங்களா? வீட்டில் அனைவரும் சௌக்கியம்தானே?"

பக்கத்தில் யாரோ பெரிய மனிதர்கள் இருந்திருப்பார்கள். நானும், "எல்லாரும் நலம், மேடம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. 'இன்னாடி' என்று ஒரு தடவையாவது கேட்பாள் என்று கடைசிவரை போனைக் காதில் வைத்திருந்தேன்.