எனக்கு நானே கொடுத்த ஒரு மணி நேரம்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் கிள்ளான் பக்கம் பண்டமாரானில், ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தேன். வீட்டுக்காரர் தவறி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பிரான்சில் உணவுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். பிரான்ஸ் என்றதும் எல்லோரும் அந்த இரும்புக் கோபுரத்தைத்தான் கேட்பார்கள். அவள் இருந்தது அதெல்லாம் இல்லாத சின்ன ஊர். ஓர் ஆறு, ஒரு மாதா கோயில், மூன்று ரொட்டிக் கடை. மூடிக் கிடந்த ஒரு செருப்புக் கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தாள். அங்கேயும் அதே வாரத்தில்தான் எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் நிற்கும் இடம்வரை போய்விட்டு, கேஸை அடைத்தோமா என்று பார்க்க மூன்று மாடி திரும்ப ஏறியிருக்கிறேன். அடைத்துத்தான் இருக்கும். பிறந்தது கேரித் தீவு தோட்டத்தில். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அப்புறம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. யாராவது ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டி "நிரப்புங்க" என்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

வெளியே போகாத அந்த நாட்களில் எனக்கு ஒரே வேலை, மகள் கூப்பிடும் நேரத்துக்குக் காத்திருப்பது. இங்கே மூன்று மணி என்றால் அங்கே காலை ஒன்பது. "சாப்டியா, தூங்கினியா" என்று கேட்டு முடித்ததும், "போனை அந்தப் பக்கம் திருப்பு" என்பேன். ஜன்னல் வழியாக அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் எனக்கு. எதிர் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் வெளியே மரக் கதவு இருந்தது. காலையில் அதை ஒவ்வொரு வீடாகத் திறப்பார்கள். நீலக் கதவு வீட்டில் யார், பச்சைக் கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"ம்மா, எனக்கே தெரியாதும்மா. நான் படிக்க வந்தேன், சென்சஸ் எடுக்க வரல."

இருந்தாலும் சொல்லுவாள். ரொட்டிக் கடை வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருக்கிறார்களாம், ஒரு கோட்டுக்கு ஓர் ஆள். நாயை வெளியே கூட்டிப் போக அனுமதி உண்டு என்பதால், கீழ் வீட்டுக் கிழவர் ஒரு நாளைக்கு ஐந்து முறை போகிறாராம். நாய் களைத்துப்போய் இப்போதெல்லாம் படி இறங்க மறுக்கிறதாம். என்னை ரொம்பக் கலவரப்படுத்தியது அந்த நீள ரொட்டிதான். நடுவில் மட்டும் துண்டுக் காகிதம் சுற்றித் தருகிறார்கள். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள். முகக்கவசமும் அங்கே கிடைக்கவில்லை. உலகமே கை கழுவிக்கொண்டிருக்கிற நேரத்தில் இப்படி ஒரு ரொட்டி.

"அதை நெருப்புல காட்டிட்டுச் சாப்பிடுடி."

"சரிம்மா, கற்பூரம் காட்டிட்டே சாப்பிடுறேன்."

நாள் காலண்டரில் கிழித்த தாள்களை நான் எறிவதில்லை. அவற்றில் ஆறு தாளைச் சோற்றால் ஒட்டி, பின்பக்கத்தில் அந்த ஊரை வரைய ஆரம்பித்தேன். செருப்புக் கடை, ஆறு, பாலம், மருந்துக் கடை, கிழவரும் நாயும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குமேல் போகக்கூடாது என்று அங்கே சட்டம் வந்ததும், மைலோ டின் மூடியை வைத்து ஒரு வட்டமும் போட்டேன். கொஞ்ச நாளில் இங்கேயும் பத்து கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். என் வட்டத்தையும் வரையலாமே என்று உட்கார்ந்தேன். வீடு, கோயில், பாசார் சந்தை, பஸ் நிற்கும் இடம், அரசாங்கக் கிளினிக். அதற்குமேல் என்ன போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் அவள் வெளியே கிளம்பும் அவசரத்தில், மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எழுதுற?"

"பெர்மிஷன் லெட்டர்மா. வெளிய போகணும்னா இது கையில இருக்கணும். போலீஸ் கேட்பாங்க."

பெயர், பிறந்த தேதி, முகவரி, எதற்காகப் போகிறேன், எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன். அச்சடிக்க வசதியில்லாததால் ஒவ்வொரு தடவையும் கையாலேயே எழுதினாள். ஒரு கடிதம் ஒரு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

"கையெழுத்து யாரு போடுவா?"

"நான்தான்."

"நீ போடுவ, சரி. அனுமதி குடுக்கிறது யாரு?"

"நான்தாம்மா!"

எனக்கு அது புரியவே இல்லை. அவள் போனபிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் கழிவறைக்குப் போவதென்றால் லைன் லீடரிடம் சிவப்பு அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். ஐம்பது பேருக்கு இரண்டு அட்டை. வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வங்கி, பள்ளிக்கூடம், எங்கே கையெழுத்து என்றாலும் அவர்தான். அந்த ஊரில் ஒருத்தி தனக்குத் தானே அனுமதி எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, அதைப் போலீசிடம் காட்டுகிறாள். போலீசும் சரி என்கிறார். மறுநாள் கூப்பிட்டதும் முதல் கேள்வியே அதுதான்: "பொய் எழுதினா?" "ஃபைன் போடுவாங்கம்மா." "அப்ப நம்புறாங்களா, இல்லையா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இத்தனை கேள்வி கேட்ட நான் அவளிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தேன். என் பிரஷர் மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. முதலில் பாதி பாதியாக உடைத்துப் போட்டேன். பிறகு அதுவும் தீர்ந்தது. கிளினிக் அதிகத் தூரமில்லை, ஆனால் வழியில் போலீஸ் தடுப்பு இருந்தது, ராணுவமும் நின்றது. நிறுத்தி ஏதாவது கேட்டால் என் மலாய் தொண்டையிலேயே நின்றுவிடும். தப்பித்துப் போனாலும் கிளினிக்கில் யார் யார் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ! நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று பதினோரு நாள் ஓடிவிட்டது. பிடரி கல்லைக் கட்டியதுபோல் கனத்தது. எழுந்து நின்றால் சுவர் நகர்ந்தது.

ஒரு திங்கட்கிழமை, நாய் இன்றைக்காவது படி இறங்கியதா என்று காட்டச் சொன்னேன். காட்டினாள். பிறகு, "சரி, இப்ப என் டர்ன். உன் மாத்திரையைக் காட்டு" என்றாள். பழைய அட்டை ஒன்றை எடுத்துத் தூரத்தில் பிடித்தேன்.

"திருப்பிக் காட்டும்மா."

திருப்பினேன். எல்லாக் குழியும் கிழிந்திருந்தது.

"எத்தனை நாளா?"

சொன்னேன்.

"ஏம்மா சொல்லல?"

"நீ பயப்படுவியேன்னு."

"நான் பயப்படுவேனா? நம்ம வீட்ல பயப்படுற ஆள் யாரும்மா?" என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவளால் ஒரு குவளை தண்ணீர்கூட எனக்கு எடுத்துத் தர முடியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போலீஸ் லெட்டர் கேட்டா நான் யாருகிட்ட போயி வாங்குவேன்?"

"லெட்டர் வேணாம்மா. கிளினிக் புக்கைக் காட்டு, போதும். புதன்கிழமை காலைல பத்தரைக்கு நான் இங்கேர்ந்து கார் புக் பண்றேன். நீ கீழ எறங்கி நின்னா போதும்."

இங்கே பத்தரை என்றால் அங்கே விடிந்தே இருக்காது. அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள்.

புதன்கிழமை சேலை கட்டி, முகக்கவசம் போட்டு, கிளினிக் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துத் தயாராகிவிட்டேன். கதவைத் திறக்கத்தான் கை வரவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது என்ன தோன்றியதோ, முந்தின நாள் காலண்டர் தாளைப் புரட்டி எழுத ஆரம்பித்தேன். பயம் ஒரு பக்கம். அதை எழுதினால் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆசை இன்னொரு பக்கம். பெயர். வயது ஐம்பத்தேழு. வீடு. போகும் இடம் கிளினிக். புறப்படும் நேரம் 10.30, திரும்பும் நேரம் 11.30. இங்கே அப்படி ஒரு மணி நேரச் சட்டம் எதுவும் இல்லை. அங்கே இருந்ததால் நானும் போட்டுக்கொண்டேன். ராகு காலம் தொடங்குமுன் வீடு திரும்பவும் வசதியாக இருந்தது. காரணம் என்ற இடத்தில்தான் கொஞ்சம் யோசித்தேன். முதலில் மாத்திரை என்று எழுதி, அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்துப் போட்டு, மடித்து, கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கார் ஓட்டியவர் நம்மவர், நாற்பது வயது இருக்கும். அவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் தொங்கியது. தடுப்பு நெருங்க நெருங்க கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஆன்டி, ஏன் பையை இப்படிக் கட்டிப்பிடிச்சிருக்கீங்க? நாம என்ன கஞ்சாவா கடத்துறோம்?"

ஒரு மலாய்க்காரப் போலீஸ், இளம் வயது, என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவசரத்தில் புத்தகத்தை எடுக்கப்போய், உள்ளே இருந்த காலண்டர் தாளை நீட்டிவிட்டேன்.

அவர் விரித்தார். பின்பக்கம் முழுக்கத் தமிழ். திருப்பினார். முன்பக்கம் பெரிய சிவப்பு எண்ணில் தேதி, நல்ல நேரம், பன்னிரண்டு ராசிக்கும் பலன். மறுபடி திருப்பினார்.

"ஆன்டி! அது என்ன, காலண்டரா?" என்று முன்னாலிருந்து ஒரு முனகல். "போஸ், போஸ்..." என்று காரோட்டி அவரை அழைத்து ஏதோ சொல்ல வர, போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இது என்ன என்று என்னைக் கேட்டார்.

அனுமதிக் கடிதம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"சியாப்பா பாகி?" யார் கொடுத்தது என்று கேட்டார்.

"சாயா" என்றேன். நான்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அதில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது இரண்டு எண்கள்தான். விரலை வைத்துக் காட்டினார். போகும் நேரம், வரும் நேரம் என்றேன். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண் சிறுத்தது. கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. தன் கடிகாரத்தைப் பார்த்தார். தாளை மடித்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்து, போங்கள் என்று கை காட்டினார். கிளினிக் புத்தகத்தைக் கேட்கவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் காரோட்டி சொன்னார்: "ஆன்டி, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. என் பொண்டாட்டிகிட்ட காட்டணும்."

பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். வேறு சவாரி எங்கே இருக்கிறது, முடித்துவிட்டு வாங்க என்று அவர் ஒரு மரத்தடியில் காரை நிறுத்திக் காத்திருந்தார்.

கிளினிக் வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். தாதி பிரஷர் எடுத்தார். கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு தடவை எடுத்தார். பிறகு என்னை வரிசையிலிருந்து எழுப்பி நேராக டாக்டரிடம் கூட்டிப்போனார். இன்னும் சில நாள் இப்படியே விட்டிருந்தால் நீங்கள் நடந்து வந்திருக்க மாட்டீர்கள் என்றார் டாக்டர். அங்கேயே ஒரு மாத்திரை கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

அதற்குள் பதினொன்றரை தாண்டிவிட்டது. டாக்டர் சொன்னதைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை. தாளை எடுத்துப் பார்த்தேன். நேரத்தை அடித்துத் திருத்தலாமா? திருத்தினால் கள்ளக் கடிதம் மாதிரி ஆகிவிடாதா? அனுமதி கொடுத்தவளிடமே கேட்கலாம் என்றால், அவள் இங்கே வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். திருத்தாமல் மடித்து வைத்தேன்.

திரும்பும்போது பன்னிரண்டு தாண்டியிருந்தது. ராகு காலம் வேறு. தடுப்பில் அதே போலீஸ்காரர். காருக்குள் குனிந்து பார்த்ததும் தன் கடிகாரத்தை விரலால் தட்டினார்.

"ஆன்டி, லம்பாட் லா."

தாமதமாம். மருந்துப் பையைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம், பிரஷர், டாக்டர் என்று வந்த மலாயெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த முறை இரண்டு மணி நேரம் என்று எழுதுங்கள் என்றார். அவ்வளவுதான். கையை அசைத்தார், கார் நகர்ந்தது.

மூன்று மணிக்கு மகள் கூப்பிட்டாள். போனில் கார் போகும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் அவளுடைய தெருவைப் பார்த்ததுபோல அவள் என்னுடையதை.

"நடு ரோட்ல மூணு நிமிஷம் நின்னுச்சும்மா. எனக்கு உசுரே போயிருச்சு."

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தத் தாளைக் காட்டு என்றாள். காட்டினேன். பெயர், வயது, இடம் என்று ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது. "மாத்திரை" என்பதற்குக் கீழே நான் எழுதியிருந்தது: "மகள் திரும்பி வரும்போது நான் வீட்டில் இருக்கவேண்டும்."

 அவள் மெதுவாகப் போனைத் திருப்பி, நான் கேட்காமலேயே தெருவைக் காட்டினாள். பச்சைக் கதவு திறந்திருந்தது.

மறு வருடம் அவள் வந்து சேர்ந்தாள். அந்த ஊரின் வரைபடம் இன்னும் என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கேஸைப் பார்க்க இன்றைக்கும் திரும்ப மாடி ஏறுகிறேன். ஆனால் தெரியாத இடத்துக்குப் போகவேண்டிய நாளில் ஒரு காலண்டர் தாளை எடுத்து, அந்தப் போலீஸ்காரர் சொன்னபடி இரண்டு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் கிள்ளானில் இதுவரை பார்க்காத ஏதாவது ஒரு தெருவுக்குள் நடக்கிறேன், இதைப் பார்க்க இத்தனை வருடம் யாருடைய கையெழுத்துக்குக் காத்திருந்தேன் என்று யோசித்தபடி.