ஓடையை எதிர்த்துப் பறந்தவை

தேவகனி வென்றவை இவை: ஆழத்தைக் கண்டால் நடுங்கும் கால், அட்டைக்கடி, ரப்பர் பால்வெட்டுக்காரிக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்ட வாய்கள், எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு.

திற்பரப்புக்கு மேலே ரப்பர் தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை. அதை ஆராய வந்த கல்லூரிப் பெண் பெமிலாவுக்குத் தேவகனிதான் துணை.

“விடியக்காலம் பால்வெட்டு, அந்திக்கு ஈ புடிப்பு. ஞாயித்துக்கிழமையாவது சபைக்கு வருவியாட்டீ?” என்று அக்காள் ராஜபாய் கேலி செய்வாள்.

பெமிலாவின் கேள்வி இது. கல்லடியில் வாழும் பூச்சிக்குஞ்சுகளை ஓடை தினமும் கீழே இழுத்துப் போகிறது. பிறகு மேல்பகுதி ஏன் காலியாவதில்லை? சிறகு முளைத்த தாய்ப்பூச்சிகள் மேலே பறந்துபோய் முட்டையிடுகின்றன என்பது ஒரு கருத்து. இந்த ஓடையிலும் அப்படித்தானா?

ரப்பர் மரத்துக்கு மழைமறைப்பாகக் கட்டும் பிளாஸ்டிக் தாளில் இருபக்கமும் எண்ணெய் தடவி, ஓடைக்குக் குறுக்கே கட்டினார்கள். ஓடை இறங்கும் திசையைப் பார்த்த பக்கத்தில் ஒட்டியவை, ஓடையை எதிர்த்து மேலே பறந்தவை.

பொழுது சாய்ந்ததும் தண்ணீரிலிருந்து புகைபோலப் பூச்சிகள் எழும். தேவகனி முழங்கால் தண்ணீரில் நிற்பாள். கீழே ஓடை போகும், தோளை உரசிப் பூச்சிகள் எதிரே போகும். இரண்டுக்கும் நடுவில் தானும் எங்கோ மெல்ல மிதப்பதாகத் தோன்றும்.

அந்த மயக்கத்தில்தான் ஐந்தாம் நாள் தவறு நடந்தது. மழைமறைப்பைக் கழற்றும் பழக்கத்தில் ஒரே இழுப்பில் தாளை உருவிச் சுருட்டிவிட்டாள். பேனாவால் இட்டிருந்த அடையாளம் எண்ணெயில் கரைந்துவிட்டது. ஒரு பக்கம் அறுபத்தொன்று, மறுபக்கம் பதினான்கு.

“எந்தப் பக்கம்ணு ஓர்ம இருக்கா அக்கா?” என்று பெமிலா கேட்டாள்.

“இல்ல மக்கா.”

“அறுபத்தொண்ணு மேல போனதுண்ணு போட்டிருவோம். நாலு நாளும் அப்படித்தான இருந்து? திங்கக்கிழம குடுக்கணும்.”

“அப்போ வீட்ல இருந்தே எழுதியிருக்கலாமே. என்னய எதுக்கு அட்டைக்குத் தின்னக் குடுத்த?”

பெமிலா சிரித்தாள். தேவகனி சிரிக்கவில்லை. “பாக்காதத பாத்தேன்னு எழுதினா, பாத்த நாலு நாளயும் யாரு நம்புவா? அத வெட்டு.”

“அஞ்சு நாள் இல்லாட்டா ஏத்துக்கமாட்டாங்க அக்கா.”

“நாளைக்கும் அந்தி வரும், கேட்டியா?”

மறுநாள் ஓடை இறங்கும் திசையைப் பார்த்த பக்கத்தின் மூலையில் சிவப்பு நூலைத் தைத்துவிட்டுத் தாளைக் கட்டினாள். அன்று காற்று வேறு திசையில் அடித்தது. எண்ணிக்கை: மேலே பறந்தவை முப்பத்தெட்டு, கீழே பறந்தவை முப்பத்து மூன்று. பெமிலாவின் முகம் வாடியது. தேவகனி மறுபடி எண்ணினாள். அதே எண்கள்.

பெமிலா காற்றின் திசையையும் சேர்த்து, எண்களை அப்படியே எழுதினாள். ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் வழக்கமாக அவள்தான் கையெழுத்திடுவாள். அன்று பேனாவை நீட்டினாள்.

“இது நீங்க பாத்தது அக்கா.”

ஈரக்கையைச் சேலையில் துடைத்து, ஓடைக் கணக்கில் தேவகனி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2024 மார்ச் 9, சனிக்கிழமை.